ஆடு வெட்டவா, ஆட்டை வெட்டவா?

தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், ஊருக்கே கேட்கும்படி சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் இன்று நான் சாப்பிடும் மீனின் முள் என் தொண்டையில் குறுக்கே நிற்கட்டும். நான் மீன் தொடுவதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் காலத்தில் ஆடுமாடுகள் வாய்விட்டுப் பேசின. இங்கிலீஷ்காரர்கள்தான் அரைகுறையாகப் பேசினார்கள். அவர்கள் பாஷையில் அப்போது ‘ஏ’யும் கிடையாது, ‘தி’யும் கிடையாது. வீடு என்றால் வீடு, நாய் என்றால் நாய். எந்த வீடு, யார் நாய் என்று கேட்டால் முறைப்பார்கள்.

நம் கிழக்குக் கடற்கரையில், ஒரு துறையில், அப்படிப்பட்ட ஒரு துரையின் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. அதில் சமையல் பார்த்தவர் நம்மவர், பிச்சைக்கனி. கப்பலில் ஒரு வெள்ளாடும் இருந்தது. துரையின் தேத்தண்ணீருக்கு மூன்று வருஷமாகப் பால் கொடுத்தவள் அவள்தான். பெயர் கிடையாது. துரைக்கு அவள் வெறும் ‘ஆடு’. பிச்சைக்கனி மட்டும் ‘புள்ள’ என்று கூப்பிடுவார். அடுப்படியிலேயே வளர்ந்ததால் அவருடைய தமிழ் அவளுக்கு அத்துப்படி.

ஒருநாள் காலை துரை சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

“ஆடு வெட்டு. மத்தியானம் விருந்து” என்றார், தன் பாஷையில்.

கத்தியை எடுத்த பிச்சைக்கனியின் கை அப்படியே நின்றது.

“துரை, ஆடு வெட்டவா, ஆட்டை வெட்டவா?”

துரைக்குத் தமிழ் ஓரளவு புரியும். அந்த ‘ஐ’ மட்டும் காதில் ஏறாது. “இரண்டும் ஒன்றுதானே!” என்றார்.

“ஐயையோ, இல்லை துரை! ஆடு வெட்டு என்றால் கரைக்குப் போய் எதையாவது பிடித்து வருவேன். ஆட்டை வெட்டு என்றால்...” மூலையில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்.

கழுநீர்ச் சட்டியிலிருந்து தலை நிமிர்ந்தது. “கனியண்ணே, அந்த ‘ஐ’ என் கழுத்தில்தானே விழும்?”

“நீ சும்மா இரு, புள்ள. பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்.”

“நீ பேசி முடிப்பதற்குள் நான் குழம்பாகிவிடுவேன்!”

துரைக்குப் பொறுமை போயிற்று. “ஆடு! ஆடு! ஆடு! இன்னும் எப்படிச் சொல்வது?”

பிச்சைக்கனி இரண்டு ஓலை நறுக்குகளை எடுத்தார். ஒன்றில் ‘ஏதோ’ என்றும் இன்னொன்றில் ‘அதே’ என்றும் கீறி, வாசித்துக் காட்டித் துரையின் கையில் கொடுத்தார். “ஏதோ ஓர் ஆடு என்றால் இதைத் தூக்குங்கள் துரை. நமக்குப் பால் தரும் அதே ஆடு என்றால் அதைத் தூக்குங்கள். தூக்கிய ஓலைப்படி கத்தி.”

‘அதே’யைப் பார்த்ததும் அது தான்தான் என்று புள்ளைக்குப் புரிந்துவிட்டது. ஆட்டுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்காதீர்கள்; பேசத் தெரிந்தவளுக்கு எழுத்து எம்மாத்திரம்? அவளுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, தின்பது. பாய்ந்து வந்து கவ்வினாள். ‘அ’ உள்ளே போயிற்று.

“அடி கூறுகெட்டவளே! உன்னைக் காப்பாற்றத்தானே எழுதினேன்!” என்று பிச்சைக்கனி அவள் தாடியைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் முகம் மற்ற ஓலைப் பக்கம் திரும்பியது. ஆட்டு வாய் சும்மா இருக்குமா? அதிலும் ஒரு கடி. ‘தோ’ போயிற்று.

துரையின் கையில் மிஞ்சியவை ‘ஏ’யும் ‘தே’யும்தான். அவர் நாக்கில் ‘தே’ வராமல் ‘தி’ ஆயிற்று.

“ஏ ஆடு... தி ஆடு...”

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கியது. அதுவரை அவருக்கு உலகத்தில் இருந்ததெல்லாம் ஆடு, அவ்வளவுதான். இப்போது எங்கோ மேய்கிற ஏதோ ஒன்று தனியாகத் தெரிந்தது. எதிரே, வாயில் ஓலை நார் தொங்க நிற்கிற இவள் தனியாகத் தெரிந்தாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, கஞ்சிகூட இறங்காத தொண்டையில் இறங்கியது இவளுடைய பால் அல்லவா?

துரை ‘தி’ ஓலையைச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டு ‘ஏ’ ஓலையைத் தூக்கினார்.

புள்ளைக்கு மூச்சு வந்தது. ஆனால் மூச்சோடு ஒரு கேள்வியும் வந்தது.

“கனியண்ணே, கரையில் நீ பிடிக்கப் போகிற அந்த ஏதோ ஆட்டுக்கு அம்மா இருப்பாளா?”

“இருக்கலாம் புள்ள.”

“அப்படியென்றால் அவளுக்கு அது அதே ஆடுதானே?”

பிச்சைக்கனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துரையைப் பார்த்தார். துரை சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார்.

“ஏ மீன்” என்றார் மெதுவாக.

மீன்களிடம் கேட்டால் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லும். நான் அவற்றிடம் கேட்கவில்லை.

மத்தியானம் மீன் விருந்து ஜோராக முடிந்தது. பழத்தட்டு வந்ததும், விருந்தாளிகளுக்கு முன்னால் புதுச் சொல்லைக் காட்டத் துரைக்கு ஆசை. “ஏ... ஆப்பிள்” என்று ஆரம்பித்தார். இரண்டு உயிரெழுத்தும் நடுவழியில் மோதிக்கொண்டு, தாடை ‘ஆ’வென்று திறந்தபடியே மாட்டிக்கொண்டது. பழத்தோலுக்காக மேசையருகே நின்ற புள்ள நிதானமாகப் பத்தடி பின்னால் போனாள். ஓடிவந்து தாடைக்குக் கீழே ஒரு முட்டு! ‘ன்’ என்று ஒரு சத்தம், வாய் மூடிக்கொண்டது.

“ஆன் ஆப்பிள்!” என்றார் துரை, கண்ணில் நீர் தளும்ப.

“காலையில் பயமுறுத்தினீர்களே, அதற்கு” என்றாள் அவள்.

துரை தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார்: “உன் பெயர் என்ன?”

“வைத்தால்தானே இருக்கும்?”

துரை யோசித்து, “ரோசி” என்றார்.

பிச்சைக்கனிக்குச் சந்தேகம். “ஏ ரோசியா துரை, தி ரோசியா?”

“ரோசி ஒருத்திதானே. அவளுக்கு எதற்கு ஓலை?”

அன்று முதல்தான் இங்கிலீஷில் முன்பின் தெரியாததற்கு முன்னால் ‘ஏ’ நிற்கிறது, தெரிந்ததற்கு முன்னால் ‘தி’ நிற்கிறது, உயிரெழுத்து எதிரே வந்தால் முட்டு வாங்கிய ‘ஆன்’ நிற்கிறது. ரோசி மாதிரிப் பெயர் வாங்கியவர்கள் மட்டும் தனியாக நடக்கிறார்கள். நமக்கோ ‘ஐ’ சொல்லின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. அதனால்தான் தலையில் ‘தி’ வைக்க மறந்து, வாத்தியாரிடம் சிவப்பு மை வாங்குகிறோம்.

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும், ஏதோ ஓர் ஆள் என்று சொல்லிவிடுங்கள். அதே ஆள் என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.