விட்டுப்போன முப்பத்தேழு பெட்டிகள்

கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பர்வீன் என்றொரு பொறியாளர் இருந்தார். வயது முப்பத்துமூன்று. அவரிடம் வேலை கற்க வந்த திருவேங்கடத்துக்கோ ஐம்பத்திரண்டு. கல்லூரிக் கணக்கு வாத்தியாராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். பர்வீனுக்குச் சிரிப்பு வரும்.

அங்கே சிலிக்கன் தகடுகளைப் பெட்டியில் வைத்து, தானே ஓடும் பெல்ட்டில் அனுப்புவார்கள். ஒரு பெட்டி இயந்திரத்துக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல, கம்ப்யூட்டருக்கே ஒரு பகல் பிடிக்கும். திருவேங்கடம் அதை ஒரே பக்கத்தில் அடங்கும் சூத்திரமாக்கிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்கார மனுஷன். அந்தக் கணக்கை நம்பித்தான் இரண்டாவது ஆலைக்கு பெல்ட் போடப்போகிறார்கள். பர்வீனின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நாலாயிரம் பெட்டி பார்த்தாச்சு குருவே. நூத்துக்கு ரெண்டுக்கு மேல தப்பு இல்ல. ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

"எல்லாப் பெட்டியும் கணக்குல இருக்கா சார்?"

"முப்பத்தேழை எடுத்துட்டேன். நெரிசல் நேரத்துல எங்கயோ மாட்டிக்கிட்டதுங்க. சேர்த்தா சராசரியே கெட்டுப்போகும்."

"வாங்க, போய்ப் பார்ப்போம்" என்றார் பர்வீன். இருவரும் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஓர் இயந்திரம் சும்மா நின்றிருந்தது.

"பெட்டி கிளம்பி அம்பது நிமிஷமாச்சு மேடம். இன்னும் காணோம்" என்றாள் அதை இயக்கும் ஜெசிந்தா.

பெல்ட்டை ஒட்டியே பின்னோக்கி நடந்தார்கள். ஒரு சந்திப்பில், திரும்பவேண்டிய பெட்டி ஒன்று நடுவில் நின்றது. அது போகவேண்டிய பெல்ட்டில் இடமில்லை. அதற்குப் பின்னால், நேராகப் போகவேண்டிய பெட்டிகளும் நின்றன. ஜெசிந்தாவின் பெட்டி ஏழாவது.

"அடக் கடவுளே!" என்றார் திருவேங்கடம். ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாக அல்லவா அவர் கணக்கிட்டிருந்தார்!

முப்பத்தேழையும் திரும்பச் சேர்த்தார். நெரிசல் நேரத்துத் தப்பு நூற்றுக்குப் பத்தொன்பது ஆனது.

மறுநாள் கூட்டத்தில் யாரும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அவராகவே எழுந்தார்.

"சாதாரண நேரத்துக்கு இந்தக் கணக்கு சரி. நெரிசலுக்கு இதை நம்பி பெல்ட் போடாதீங்க. ஒரு சந்திப்பு அடைச்சா பக்கத்துதும் அடைக்குது. அது என் கணக்குல இல்ல. மூணு மாசம் குடுங்க, கொண்டுவர்றேன்."

இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் தப்பைச் சுழித்தே பழகிய கை அவருடையது. சொல்லி முடித்ததும் கூனிக்குறுகிப் போவோம் என்று பயந்திருந்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மூன்று மாதம் கிடைத்தது. 'நெரிசலுக்கு ஆகாது, தப்பு பத்தொன்பது' என்று அவரே எழுதியிருந்த கணக்குத் தாளைப் பர்வீன் இழுத்து, எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு தப்புக்கே நேத்து போடல. இன்னைக்குப் பத்தொன்பதுக்குப் போடறீங்களே குருவே?"

பர்வீன் குரலில் இருந்த பெருமையை மறைக்கவே இல்லை.

"நேத்து உங்க கணக்குல ஜெசிந்தாவுக்குப் பெட்டியே வரல சார். இன்னைக்கு லேட்டாவாவது வருது."