ரெண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு பேர்

“இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேணும் டீச்சர்.”

கோவில்பட்டியில் ஒரு ஸ்பீக்கர் பட்டறை வாசலில் நின்று கஸ்பார் சொன்ன முதல் வார்த்தையே இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருந்த சண்முகவடிவு நிமிர்ந்து பார்த்தார்.

வடிவுக்கு முப்பத்துமூன்று வயது. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் பாடம் எடுத்ததில் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெரிய மைதானங்களில் ஒலி அமைக்கிறவர்கள் எங்காவது மாட்டிக்கொண்டால் இவரைத்தான் தேடி வருவார்கள்.

கஸ்பாருக்கு ஐம்பத்தாறு. சிப்பித்துறையில் இருபத்தெட்டு வருடமாக மைக் செட் போடுகிறவர். மகள் வயதுப் பெண்ணிடம் போய் நிற்க அவருக்குக் கூச்சம்தான். ஆனாலும் வந்துவிட்டார்.

“எதுக்குப் பெருசு?” என்றார் வடிவு.

கஸ்பார் சொன்னார்.

சிப்பித்துறை கடலோரத்துக் கத்தோலிக்க ஊர். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு புயல் முப்பத்தெட்டுப் பேரைக் கொண்டுபோனது. ஒன்பது பேரின் உடல்தான் கிடைத்தது. வருடாவருடம் அதே நாளில் மணலில் பூசை நடக்கும். முடிவில் முப்பத்தெட்டுப் பெயரையும் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார்கள்.

“ரெஜினாள்னு ஒரு அக்கா. ஒரே மகன் போயிட்டான். போன வருசம் பூசை முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வந்தாங்க. ‘ஆறு வருசமா எம் மவன் பேர வாசிக்கிய. ஒரு வருசம்கூட எங் காதுல விழல கஸ்பாரு’ன்னாங்க. திரும்பிப் போயிட்டாங்க.”

“முன்னாடி வந்து உக்காரச் சொல்லலாமே?”

“சொன்னேன். ‘அவன் இங்கதான இருக்கான், நான் எதுக்கு அங்க வரணும்’ங்காங்க. தண்ணி கால்ல படுற இடத்துலதான் உக்காருவாங்க. அங்க அலைச்சத்தம் காதை அடைக்கும். பெரிய ஆம்ப் போட்டா அலையை அமுக்கிரலாம்னு பாக்கேன்.”

வடிவு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

“அவங்க காதுல என்ன விழுதாம்?”

“ஒண்ணும் விழல டீச்சர்.”

“அது நீங்க சொல்றது. அவங்களக் கேட்டுட்டு வாங்க.”

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“நேர்ல, அண்ணாச்சி.”

இரண்டு பஸ் மாறி ஊர் திரும்பினார் கஸ்பார். வழியெல்லாம் எரிச்சல். ஒரு ஆம்ப் கேட்டு வந்தவனை இப்படியா அலையவிடுவது?

ரெஜினாள் அக்கா மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். கஸ்பார் கேட்டதும் கை நின்றது. ஆறு வருடத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

வெகுநேரம் யோசித்தார்.

“ஊ...” என்றார். “அப்புறம், ஐ...”

“அவ்வளவுதானா அக்கா?”

“அவ்வளவுதான். அலை வந்து திரும்புற மாதிரி.”

மறுநாள் கஸ்பார் மறுபடியும் பட்டறை வாசலில் நின்றார்.

“ஊ. ஐ.”

“பையன் பேரு?”

“சூசை.”

இப்போது வடிவு திருப்புளியைக் கீழே வைத்தார்.

“உங்ககிட்ட ஆம்ப் ரெண்டு இருக்கா?”

“இருக்கு. ரெண்டும் பழசு. அத வச்சு என்ன—”

“போதும்,” என்றார் வடிவு.

பூசைக்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வடிவு சிப்பித்துறை மணலில் வந்து இறங்கினார். கையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும்தான். செங்கல் அளவுகூட இருக்காது.

மேடை கோயில் பக்கம், மேட்டில். அதன் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள் கடலைப் பார்த்து நின்றன. கீழே அடிக்குரலுக்கான பெரிய பெட்டிகள், மேலே கூர்மையான குரலுக்கான ஹாரன்கள். நடுவில் ஊர் உட்காரும் மணல். கடைசியில் கடல்.

“இத்தன நாளும் ஒரே ஆம்ப் எல்லாத்தையும் இழுத்துச்சு. இனி இந்தப் பெட்டி குரலை ரெண்டாப் பிரிக்கும்,” என்றார் வடிவு. “அடிக்குரல் ஒரு ஆம்புக்கு. அது பெரிய பெட்டிக்குப் போகும். மேல்குரல் இன்னொரு ஆம்புக்கு. அது ஹாரனுக்கு.”

“பிரிச்சா சத்தம் பாதியாப் போயிராதா?”

வடிவு ஒயரை நீட்டினார்.

கஸ்பார் எல்லாவற்றையும் மாட்டினார். இருபத்தெட்டு வருடக் கை. பத்து நிமிடத்தில் முடிந்தது. சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

“இருங்க. ஒவ்வொரு ஒயரையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கையால தடவிட்டு வாங்க.”

“நான் மாட்டுனது டீச்சர்.”

“அதான்.”

கஸ்பார் தடவிக்கொண்டே போனார், வந்தார். “சரியாத்தான் இருக்கு.”

“இன்னொரு தடவை.”

இரண்டாவது தடவையும் சரியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். வலப்பக்க ஹாரனின் ஒயரைப் பிடித்துக்கொண்டே மணலில் நகர்ந்தார். அது நேராக வரவில்லை. மேடைக்கு அடியில் புகுந்து, இன்னொரு ஒயரோடு பின்னி, அடிக்குரல் ஆம்பின் முதுகில் போய் முடிந்தது.

கஸ்பார் அப்படியே மண்டியிட்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டிருந்தால் அடிக்குரலின் மொத்தப் பலமும் அந்த ஹாரனுக்குள் பாய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் தகடு வெங்காயத் தோல் மாதிரி. ஒரு வார்த்தைகூடத் தாங்காது.

ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டினார். நான்காவது தடவை யாரும் சொல்லாமலே தடவிக்கொண்டு போனார்.

பெயர்களை வாசிக்கிறவர் கோயில் உபதேசியார் அருளப்பன். அவரை மைக் முன்னால் நிற்கவைத்தார் வடிவு. கஸ்பாரிடம் ஒரு வெள்ளை டேப்பும் பேனாவும் கொடுத்தார்.

“ரெண்டு ஆம்புக்கும் பேர் எழுதி ஒட்டுங்க.”

“என்னன்னு எழுத?”

“கேட்டுட்டு எழுதுங்க.”

வடிவு அடிக்குரல் ஆம்பை மட்டும் போட்டார். உபதேசியாரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அருளப்பன் சூசை என்றுதான் சொன்னார். பெட்டியிலிருந்து வந்ததோ வேறு.

ஊ... ஐ...

ரெஜினாள் அக்கா கருவாட்டுக் களத்தில் நின்று சொன்னதே ஒலித்தது போலிருந்தது.

வடிவு அதை அணைத்தார். மேல்குரல் ஆம்பை மட்டும் போட்டார்.

ஸ்... ஸ்...

மணலில் நண்டு ஓடுவது போல. அதில் மனிதக் குரலே இல்லை.

கஸ்பார் பேனாவைத் திறந்தார். இரண்டாம் வகுப்பில் எழுதியதுபோல் நிதானமாக எழுதினார். முதல் ஆம்பில், ‘உயிர்’. இரண்டாவதில், ‘மெய்’.

வடிவு வாசித்தார். டேப்பின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

பிறகு இரண்டையும் போட்டார்.

உபதேசியார் மறுபடி வாசித்தார். பெயர் வந்தது. ஆனால் பொக்கைவாய்ப் பேச்சு மாதிரி வந்தது. மேலே இருந்தது, கீழே இருந்தது, நடுவில் குழி விழுந்திருந்தது. பழைய மைக் செட்டே தேவலாம் போல.

“ரெண்டும் நல்லாத்தான் வேலை செய்யுது. சேத்தா மட்டும் ஏன் டீச்சர் இப்படி?”

வடிவு தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார். ஒரு கையை முன்னே தள்ளினார். அதே நேரத்தில் மற்றதைப் பின்னே இழுத்தார். மறுபடி. மறுபடி.

பெரிய பெட்டி காற்றைத் தள்ளும்போது ஹாரன் இழுக்கிறது என்று கஸ்பாருக்குப் புரிந்தது.

பிறகு ஆம்புகளை அணைத்தார். ஹாரன்களின் பின்னால் போனார். சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பையும், கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பையும் மாற்றிச் சொருகினார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

ஆம்புகளை மறுபடி போட்டுவிட்டு, “வாசிங்க,” என்றார் வடிவு.

“சூசை.”

கஸ்பார் சட்டென்று திரும்பினார். மணலில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். யாரும் இல்லை. வெறும் மணல்தான்.

அப்பால் அலை இரைந்துகொண்டிருந்தது.

“இப்ப சத்தத்தைக் கூட்டுவோம் டீச்சர்.”

“அலைகிட்டப் போய் நில்லுங்க. கூட்டணுமா குறைக்கணுமான்னு அங்கருந்து கை காட்டுங்க.”

தண்ணீர் காலை நனைக்கும் இடத்தில் போய் நின்றார் கஸ்பார். முதல் அலையிலேயே பெயர் மங்கியது. கையை மேலே தூக்கினார், கூட்டுங்கள் என்று.

தூரத்தில் வடிவு ‘உயிர்’ என்று எழுதிய ஆம்பின் குமிழைத் திருகுவது தெரிந்தது. குறைக்கிறார். கஸ்பார் இன்னும் உயரமாகக் கையை ஆட்டினார். வடிவு இன்னும் குறைத்தார். பிறகு மற்றதில் ஒரு மயிரிழை கூட்டினார்.

அலை தன் அடிக்குரலில் உறுமிக்கொண்டு வந்து விழுந்தது.

அந்த உறுமலுக்கு மேலே, “சூசை.”

கஸ்பாரின் கை தானாக இறங்கியது.

மறுநாள் பூசை முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. சூரியன் கோயிலுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஊர் முழுக்க மணலில் இருந்தது.

வடிவு ஆம்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கஸ்பார் அங்கே இருக்கவில்லை. மைக் செட் போட ஆரம்பித்த நாளிலிருந்து ஆம்பை விட்டு அவர் நகர்ந்ததே இல்லை. இன்று தண்ணீரோரம் போய், ரெஜினாள் அக்காவுக்கு நாலடி பின்னால் நின்றார்.

அருளப்பன் வாசிக்கத் தொடங்கினார்.

“மிக்கேல்.”

“இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே,” என்றது ஊர்.

“வியாகுலம்.”

“இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே.”

அலை கொஞ்சம்கூடக் குறையவில்லை. வழக்கம்போல இரைந்தது, மோதியது, திரும்பியது. பெயர்கள் அதன்மேல் நனையாமல் வந்தன.

பத்தொன்பதாவது பெயர்.

“சூசை.”

ஊர் பதில் சொன்னது. ரெஜினாள் அக்கா சொல்லவில்லை. அழவும் இல்லை. பள்ளிக்கூட விழாவில் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டால் தாய் எழுந்து நிற்பாளே, அதுபோல எழுந்து நின்றார். சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். தலை நிமிர்ந்திருந்தது.

“கில்பர்ட்.”

பத்தடி தள்ளி இன்னொரு பெண் எழுந்தார்.

“ரொசாரி.”

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர். பிறகு ஒரு கைக்குழந்தைக்காரி. யாரும் யாரையும் எழச் சொல்லவில்லை. தண்ணீரோரம் உட்கார்ந்திருந்த வரிசை ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு ஆளாக உயர்ந்துகொண்டே வந்தது. இத்தனை வருடமும் இவர்களில் யாருக்குமே பெயர் கேட்டதில்லை என்று கஸ்பாருக்கு அப்போதுதான் உறைத்தது. வந்து சொன்னவர் ஒருவர். சொல்லாமலே போனவர்கள் இத்தனை பேர்.

“சிலுவை.”

“இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே.”

இந்தத் தடவை பதில் இரண்டு பக்கமிருந்து வந்தது. ஒன்று ஊரிலிருந்து. இன்னொன்று கஸ்பாரின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

முதுகுக்குப் பின்னால் கடல் மட்டும்தான் இருந்தது.

திரும்பப் பயமாக இருந்தது. அடுத்த பெயர் வந்தது. மறுபடியும் அந்தப் பதில், மெலிதாக, தண்ணீருக்கு மேலாக.

மெல்லத் திரும்பினார்.

அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு படகு நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள், வடக்கே போய்க்கொண்டிருந்தவர்கள். என்ஜினை நிறுத்தியிருந்தார்கள். நாலு பேரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடுகிற படகில் ஆடாமல் நிற்கப் பார்த்தார்கள்.

முப்பத்தெட்டாவது பெயர் வரை நின்றார்கள். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு, என்ஜினைப் போட்டு, போய்விட்டார்கள்.

கஸ்பார் மேட்டை நோக்கி ஓடினார். ஈர மணலில் கால் புதைந்தது. வயதை மறந்து ஓடினார். வடிவு இரண்டு ஆம்புகளையும் அணைத்துவிட்டு, தரையில் குந்தி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர்!” கஸ்பாருக்கு மூச்சு வாங்கியது. “கேட்டுருச்சு டீச்சர்!”

வடிவு நிமிர்ந்து பார்த்தார்.

“யாருக்கு அண்ணாச்சி?”

ரெஜினாள் அக்காவுக்கு என்று சொல்லக் கஸ்பார் வாயைத் திறந்தார்.

பிறகு திறந்த வாயோடு, படகு நின்ற இடத்துக்கும் அப்பால், கடலைப் பார்த்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.