வீட்டைத் தாண்டிப் போன வண்டு

ஒரு காட்டில் யானைகள் இருந்தன. யானைகள் இருந்தால் சாணி இருக்கும். சாணி இருந்தால் சாணி வண்டும் இருக்கும். மூக்கைப் பிடிக்காதீர்கள் பிள்ளைகளே, கதையில் நாற்றம் வராது.

அந்த வண்டின் பெயர் உருளையன். அவன் மனைவி கருமணி. சாணி வண்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாணியை உருண்டை பிடித்து, உருட்டிப் போய், வளைக்குள் தள்ளி, வாயிலை மண்ணால் மூடிவிட வேண்டும். அந்த உருண்டைக்குள்தான் பெண் வண்டு முட்டை வைக்கும். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வீடும் அதுதான், சோறும் அதுதான்.

அன்று காலை ஒரு யானை மிகவும் தாராளமாக நடந்து போயிருந்தது. உருளையன் ஓடிப்போய் நெல்லிக்காய் அளவில் அழகான உருண்டை ஒன்று பிடித்து வந்தான். அவன் வருவதற்குள் கருமணி வளை தோண்டி முடித்திருந்தாள்.

"சீக்கிரம் உள்ளே தள்ளுங்க. இன்னைக்கே முட்டை வைக்கணும். வெயில் ஏறினா சாணி காஞ்சிடும். காஞ்ச சாணியில முட்டை பிழைக்காது" என்றாள்.

உருளையன் உருண்டையைச் சுற்றி வந்து பார்த்தான். "இன்னும் கொஞ்சம் சேர்த்துட்டு வந்துடறேன். பக்கத்து வளைக்காரன் உருண்டை இதைவிடப் பெரிசு."

"அவர் உருண்டையை உள்ளே தள்ளி, கதவையும் மூடிட்டாரே!"

"அதான் சொல்றேன். அவன் நிறுத்திட்டான். நாம முந்திடலாம்!"

அடடா, என்ன மூளை! உள்ளே போய் நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனோடு வெளியே நின்று போட்டி போடும் மூளை எல்லோருக்கும் வாய்க்குமா?

உருண்டை எலுமிச்சம்பழம் அளவாயிற்று. இப்போது வளைக்குள் நுழையவில்லை. கருமணி கால் வலிக்க வலிக்க வளையை அகலமாக்கினாள். அவள் நிமிர்ந்து பார்த்தபோது உருளையனைக் காணோம். உருண்டையையும் காணோம்.

"இன்னும் கொஞ்சம்!" என்று தூரத்தில் குரல் மட்டும் கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாணி வண்டு தலையைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உருண்டையை உதைத்து உதைத்து, பின்பக்கமாகவே போகும். போகிற இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. வந்த வழி மட்டும் நன்றாகத் தெரியும். உருளையனும் அப்படித்தான் வந்தான். மாதுளம்பழம் அளவு உருண்டையோடு தன் வீட்டு வாசலுக்கு வந்தான், அதைத் தாண்டியும் போனான்.

"என்னங்க! நில்லுங்க! வீடு இங்கே இருக்கு!" என்று கத்தினாள் கருமணி.

"சத்தம் போடாதே! உனக்காகத்தானே இவ்வளவு பாடுபடுறேன்!" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் உதைத்துக்கொண்டே போனான்.

வெயில் ஏறிவிட்டது. அவன் தாண்டிப் போகும்போதே உருண்டையின் மேல்தோல் வெடித்து, ஈரமான கட்டி ஒன்று பெயர்ந்து வளை வாசலில் விழுந்திருந்தது. கருமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டியைப் பார்த்தாள். போய்க்கொண்டே இருக்கும் கணவனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டியை உள்ளே இழுத்துப் போய் வாயிலை மூடினாள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கரையான் புற்று. அதன் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. வண்டு என்றால் அதற்கு உயிர், அதாவது தின்பதற்கு.

"அடேயப்பா! எவ்வளவு பெரிய உருண்டை!" என்றது கரிச்சான். "ஐயா, இதைப் போய் மண்ணுக்குள் புதைக்கலாமா? புற்று உச்சியில் வைத்தால் காடே பார்க்குமே!"

உருளையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வழி சரியா இருக்கா?" என்று தலைகீழாகவே கேட்டான்.

"சரியாக இருக்கிறது ஐயா. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..."

பலகாரம் தானாகப் படியேறி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? கரிச்சான் அன்று பார்த்தது.

உருளையன் உச்சியை எட்டினான். கரிச்சான் அலகைத் திறந்தது. அந்த நேரம் பார்த்து உருண்டை வழுக்கியது. அதைக் கட்டிப்பிடித்தபடியே உருளையனும் உருண்டான். கரிச்சானின் வாய்க்குள் சாணிதான் போயிற்று. சாப்பாட்டில் அது எதிர்பார்த்தது வேறு, பாவம்.

கீழே யானைப் பாதை. உருளையன் புல்லில் போய் விழுந்தான். உருண்டை பாதை நடுவில் நின்றது. காலையில் போன அதே யானை திரும்பி வந்து அதன்மேல் காலை வைத்துவிட்டுப் போயிற்று. குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கு அது வெறும் சாணிதானே!

உருளையன் நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசல் மூடியிருந்தது. தட்டினான்.

"கருமணி, நான்தான்."

"உருண்டை வந்துச்சா?"

"யானை மிதிச்சிடுச்சு." நொண்டிய காலை நீவிக்கொண்டான். "ஆனா நீ பார்த்திருக்கணுமே! தேங்காய் அளவு இருந்துச்சு!"

"என்னோடது நெல்லிக்காய் அளவுதான். முட்டை வைச்சாச்சு. நானும் முட்டையும் அசையாம உட்கார்ந்திருக்கோம். எங்களுக்கு இது தாராளம்."

வெளியே தூறல் போட ஆரம்பித்தது. உருளையன் வாசல் மண்ணில் முகத்தை வைத்துக் கெஞ்சினான். "கருமணி, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரேன். நானும் வந்துடறேன்."



"இன்னும் கொஞ்சமா?" என்றாள் கருமணி. "அதைக் காலையிலிருந்து கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சுங்க."

நீதி: எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாதவன், எவ்வளவு உருட்டினாலும் வீடு போய்ச் சேரமாட்டான்.