பதினேழாம் நம்பர் மெஷின்

"அந்தப் பொம்பளை என் டப்பாவை ஏமாத்தறா, டீச்சர். எப்படின்னுதான் தெரியல."

திருமேனி, மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டப்பா ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

டீச்சர் நிமிரவில்லை. பம்ப்செட் ஸ்டார்ட்டர் ஒன்றின் போர்டில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் அமலோற்பவம். பாலிடெக்னிக்கில் பத்து வருஷம் பாடம் நடத்தியவர். திருமேனியைவிட ஐந்து வயது இளையவர். ஆனாலும் திருப்பூரில் சிப்புக்குப் புரோகிராம் எழுதுகிற யாரும், வழி தெரியாமல் முட்டி நின்றால், அவர் வாசலுக்குத்தான் வருவார்கள்.

"உட்காருங்க. எந்தப் பொம்பளை?"

"எங்க பனியன் கம்பெனில பதினேழாம் நம்பர் மெஷின். பேரு பூவாத்தா."

டப்பா செய்கிற வேலை இதுதான். தையல் மெஷினின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். மெஷின் அதிர்ந்தால் வேலை என்று எழுதும். அதிராவிட்டால் சும்மா என்று எழுதும். சாயங்காலம் சூப்பர்வைசரின் செல்போனில் அந்த மெஷினின் நம்பர் பச்சையாகவோ சிவப்பாகவோ வந்து நிற்கும்.

மூன்று நாள் சிவப்பு என்றால் நான்காம் நாள் வேலை இல்லை.

டப்பாவுக்குப் பூவாத்தாளைத் தெரியாது. பதினேழைத்தான் தெரியும்.

"ரெண்டு நாள் சிவப்பு. இன்னைக்கு மூணாவது நாள்," என்றார் திருமேனி.

"அனுப்பிட வேண்டியதுதானே?"

"அங்கதாங்க இடிக்குது. அந்த லைன்லயே அதிகமா பீஸ் தைக்கறது அவதான்னு சூப்பர்வைசர் சொல்றார். கடிகாரம் மாதிரி தைப்பாளாம். நிமிஷத்துக்கு ஒரு துணிக்கட்டு, கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்ப டப்பா பொய் சொல்லுதான்னு முதலாளி என்னைக் கேட்கறார். என் டப்பா எப்படிப் பொய் சொல்லும்?"

"போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஏம்மா, மெஷினை நிறுத்திட்டு என்ன பண்றேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'கட்டு மாத்தறனுங் சார், பின்ன வாயில கவ்விக்கிட்டா தைக்கறது?'ன்னா. லைனே சிரிச்சுது."

டீச்சரும் சிரித்தார். திருமேனி சிரிக்கவில்லை.

டீச்சர் பற்றவைப்பதை நிறுத்திவிட்டு டப்பாவைக் கையில் எடுத்தார்.

"பேட்டரி எத்தனை நாள் வரும்?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று திருமேனி நான்கு மாதமாகக் காத்திருந்த கேள்வி அது.

"மூணு வருஷம்!"

"இத்துனூண்டு பேட்டரியா?"

"அம்பத்தெட்டு செகண்ட் தூங்கும், டீச்சர். ரெண்டே செகண்ட் கண்ணைத் திறக்கும். மெஷின் ஓடுதான்னு பார்க்கும். அந்த நிமிஷத்துக்கு எழுதும். மறுபடி தூங்கிடும்."

முதலாளி மேஜையைத் தட்டிப் பாராட்டிய இடம் அது. நாளில் இருபத்து மூன்று மணி நேரம் தூங்குகிற ஒன்றை அந்தக் கம்பெனியில் அதற்குமுன் யாரும் பாராட்டியதில்லை.

டீச்சர் ஓர் அட்டையை எடுத்து, மேலே 'திருமேனி' என்று எழுதினார். சிவப்புப் பேனா ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். செல்போனில் எதையோ அழுத்தினார்.

"புரோகிராமை முதல் வரியிலிருந்து சொல்லுங்க."

சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்கறீங்களா?"

டீச்சரின் கண் திறக்கவில்லை. திருமேனி பேசினார். சென்சார் எது, ஏன் அது, பக்கத்து மெஷினின் அதிர்வை எப்படி வடிகட்டினார் என்றெல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஒரு விஷயம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அவர் பழக்கம். துடைத்தார்.

செல்போன் அதிர்ந்தது.

டீச்சர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அட்டையில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கோடு அது?"

திருமேனி அடுத்ததைச் சொன்னார். டப்பா எழுதியதை எப்படிச் சேமிக்கிறது, எப்படி அனுப்புகிறது என்று சொன்னார். கண்ணாடியைத் துடைத்தார்.

செல்போன் அதிர்ந்தது. இரண்டாவது கோடு.

"டீச்சர், விளையாடறீங்களா?"

கண் மூடித்தான் இருந்தது.

இம்முறை குரலை உயர்த்திப் பேசினார். கைவீசிப் பேசினார். தெருவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கழுத்தில் வழிந்த வேர்வையை ஒற்றிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

செல்போன் அதிர்ந்தது.

"மூணு ஆச்சு," என்றார் டீச்சர். "எழுந்திருங்க."

"எதுக்குங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்கீங்க. அந்த நாற்காலிக்கு வேலை செய்யற ஆள் வேணும்."

திருமேனிக்கு முகம் சிவந்தது.

"சும்மாவா? தொண்டை வறளப் பேசிட்டிருக்கேன்! கண்ணாடி துடைக்கற நேரமாப் பார்த்து முழிச்சுட்டு... தூங்கினது நீங்க, கோடு எனக்கா?"

டீச்சர் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவைத்தார். போர்டை இழுத்துக்கொண்டு, விட்ட இடத்தில் மறுபடி பற்றவைக்க ஆரம்பித்தார்.

டப்பா கண் திறந்ததற்கு அடையாளமாக அதில் சின்ன விளக்கு ஒரு தடவை மின்னி அணைந்தது.

திருமேனி நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து எப்போது மின்னும் என்று காத்திருந்தார். ஒரு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு இதுவரை தெரியாது. அதற்குள் பூவாத்தாள் ஒரு கட்டைத் தைத்து முடித்து, அடுத்த கட்டுக்குக் கை நீட்டியிருப்பாள்.

மின்னியது.

அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. சூப்பர்வைசர். பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

"சார், பதினேழு இன்னைக்கும் சிவப்புதானுங்க. மூணு நாள் ஆச்சு. அனுப்பிடட்டுங்களா?"

"அனுப்பிடுங்க."

டீச்சரின் கை அப்படியே நின்றது.

"சரிங் சார். ஏ பூவாத்தா, எந்திரி..."

"அவங்களை இல்லீங்க," என்றார் திருமேனி. "டப்பாவை."