பூவாத்தடி மிஷின் கரி எரித்த கதை

பூவாத்தடிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அதைச் சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. விளைந்த ஒரு ஏக்கர் நெல்லை அவர்களை நம்பி விட்டவள் நான்.

போன வருஷம் இதே புரட்டாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. அறுக்க வேண்டிய கதிர் வயலிலேயே சாய்ந்து முளைத்துவிட்டது. முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். வருஷம் பூரா ரேஷன் அரிசிதான் தின்றோம். இந்த வருஷமும் அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

அறுப்புக்கு ஆள் கேட்டுப் பக்கத்து ஊரான பூவாத்தடியில் தெருத்தெருவாக அலைந்தேன். "இப்ப யாருக்கா கையால அறுக்குறா? மிஷினைச் சொல்லுங்க" என்று வீட்டுக்கு வீடு ஒரே பதில். சரி, அவர்கள் ஊர் உழவர் குழு புதிதாக அறுப்பு மிஷின் வாங்கியிருக்கிறதே என்று அதையே சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் கனமழை என்று ரேடியோவில் சொன்ன அன்று, காலை ஏழு மணிக்கு மிஷின் வந்து இறங்கியது.

கூடவே நாலு பேர். குழுத் தலைவர் வைரக்கண்ணு வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. செயலாளர் கலியமூர்த்தி கையில் மிஷினோடு கொடுத்த புத்தகம். அதைப் பார்க்காமல் அவர் தும்மக்கூட மாட்டார். டிரைவர் உத்திராபதி. அவனுக்கு உதவியாக அவன் தம்பி சிங்காரம், நாற்பது வயசு ஆள். அண்ணன் செய்வதையே தானும் செய்வான், அவ்வளவுதான் அவன் உதவி.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நடுவுலதான் கதிர் நல்லா முத்தியிருக்கு" என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தேன். ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவதுதானே உலக வழக்கம்? இவர்கள் மிஷினின் வெட்டுக்கத்தியை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, எதையும் அறுக்காமல் ஒரே கோடாக நட்டநடு வயலுக்குப் போனார்கள். போன இடத்தில் மிஷினுக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

உடனே நாலு பேரும் இறங்கிக் கூட்டம் போட்டார்கள்.

"பட்டப்பகல்ல விளக்கு எதுக்கு?" என்றார் வைரக்கண்ணு.

"நமக்கு வெளிச்சம். மிஷினுக்கு உள்ள இருட்டா இருக்குமோ என்னவோ" என்றான் உத்திராபதி. தம்பி தலையாட்டினான்.

நான்தான் பொறுக்கமாட்டாமல் மன்னார்குடி மெக்கானிக் ஜெயசீலனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் எங்கோ வேதாரண்யம் பக்கம் வேறு மிஷினுக்கு அடியில் கிடந்தார். நாளைக்குத்தான் வர முடியுமாம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. சைலன்சர்ல ஒரு பில்டர் இருக்கு. புகையில வர்ற கரி அதுல அடைஞ்சிருக்கு. வண்டியை நிறுத்தி, அந்தப் பட்டனை அமுக்கிட்டு நாப்பது நிமிஷம் சும்மா இருங்க. என்ஜின் தானா ரேஸ் ஆகி, சூடேத்தி, கரியை எரிச்சுக்கும்" என்றார்.

பட்டனை அமுக்கினார்கள். என்ஜின் உறுமியது. நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து சும்மா இருந்தார்கள். சும்மா என்றால் அப்படி ஒரு சும்மா! டீ கொண்டுபோய் நீட்டினேன், ஒருத்தரும் கை நீட்டவில்லை. சிங்காரம் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவன் ஓட்டவில்லை. பாவமாக இருந்ததால் நானே ஓட்டிவிட்டேன்.

முப்பத்தஞ்சாவது நிமிஷம் வைரக்கண்ணு வாயைத் திறந்தார். "எரிஞ்சுதா இல்லையான்னு பாக்க வேணாமா? இட்லி வெந்துச்சான்னு மூடியைத் தொறந்து பாக்குறோமே."

நியாயம்தான் என்று உத்திராபதி என்ஜினை அணைத்தான். நாலு பேரும் சைலன்சர் பக்கம் போய்க் காதை வைத்துக் கேட்டார்கள். வைரக்கண்ணுவுக்குக் காதில் சூடு பட்டது. "நல்ல சூடு இருக்கு, ஆனா விளக்கு இன்னும் எரியுது" என்று முடிவுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து பட்டனை அமுக்கினார்கள். மறுபடி முப்பத்தஞ்சு நிமிஷம். மறுபடி இட்லி. இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை மஞ்சள் விளக்கு போய்ச் சிவப்பு விளக்கு வந்தது.

"பாத்தீங்களாக்கா, பழுத்துடுச்சு" என்றான் உத்திராபதி சந்தோஷமாக.

தெற்கே மேகம் திரள ஆரம்பித்திருந்தது. திரும்ப ஜெயசீலனுக்குப் போன். நடந்ததைச் சொன்னேன்.

"பாதியில அணைச்சா எப்படிங்க எரியும்? சரி, இன்னொண்ணும் பாத்துடுவோம். பில்டர்லேர்ந்து சென்சாருக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். அது அடைச்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும். கழட்டி ஊதிப் பாருங்க."

"எந்தப் பக்கத்துலேர்ந்து ஊதணும் சார்?" என்று கேட்டார் கலியமூர்த்தி. புத்தகத்தில் அது இல்லையாம்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன?"

குழாயைக் கழற்றினார்கள். ஒரு நுனியை உத்திராபதி வாயில் வைத்துக்கொண்டான். இன்னொரு நுனியைச் சிங்காரம் வைத்துக்கொண்டான். கலியமூர்த்தி ஒன்று, ரெண்டு, மூணு எண்ண, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊதினார்கள். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்று ஒரு இம்மி நகரவில்லை.

"முழு அடைப்பு" என்றார் வைரக்கண்ணு.

"அவசரப்படாதீங்க தலைவரே. இடம் மாறி ஊதிப் பாப்போம்" என்றார் கலியமூர்த்தி. அண்ணன் இடத்துக்குத் தம்பியும் தம்பி இடத்துக்கு அண்ணனும் வந்து நின்று, மறுபடி உயிரைக் கொடுத்து ஊதினார்கள். அப்போதும் அடைப்பு.

"சந்தேகமே இல்ல. ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு!" என்றார் வைரக்கண்ணு.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெடுக்கென்று குழாயைப் பிடுங்கி ஒரே ஊது ஊதினேன். உள்ளே இருந்த கொஞ்சநஞ்சக் கரியும் தெறித்து வைரக்கண்ணுவின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. நாலு பேரும் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள்.

"அக்காவுக்கு நல்ல மூச்சு" என்றான் சிங்காரம். அன்றைக்கு அவன் சொந்தமாகப் பேசியது அது ஒன்றுதான்.

குழாயை மாட்டியாயிற்று. ஜெயசீலன் இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "கவனமாக் கேளுங்க. செவப்பு விளக்கு வந்துட்டா வண்டியை நகர்த்தக் கூடாது. கரி ரொம்பச் சேர்ந்திருக்கு, அனல் பயங்கரமா இருக்கும். சுத்தி நூறடிக்குக் காஞ்ச பயிர், வைக்கோல், ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. அப்புறம் பட்டனை அமுக்குங்க. விளக்கு அணையுற வரைக்கும் யாரும் கிட்டப் போகக் கூடாது." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

மறுபடி கூட்டம்.

"வண்டியை நகர்த்தக் கூடாது" என்றார் வைரக்கண்ணு.

"சுத்தி நூறடிக்குப் பயிர் இருக்கக் கூடாது" என்றார் கலியமூர்த்தி.

நாலு பேரும் ஏக்கர் முழுக்க ஆடி நின்ற என் கதிரைப் பார்த்தார்கள். மிஷின் நடுவில் நின்றது. ரொம்ப நேரம் யோசித்தார்கள். அப்புறம் வைரக்கண்ணு போனை எடுத்து ஊருக்குப் பேசினார்: "நம்ம மிஷினுக்கு ஆபத்து. எல்லாரும் அரிவாளை எடுத்துக்கிட்டு ஓடியாங்க."

கால் மணி நேரத்தில் முப்பது பேர் வந்து குதித்தார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த முகம். என் மூஞ்சியில் கதவைச் சாத்திய அதே ஆட்கள். நெல்லுக்கு ஆபத்து என்றபோது ஒரு நாதி இல்லை. மிஷினுக்கு என்றதும் சோற்றில் கை வைத்தவன்கூட எழுந்து ஓடி வந்திருக்கிறான். கரகரவென்று அறுத்தார்கள். அறுத்ததைக் கட்டாகக் கட்டிச் சுமந்துபோய் ரோட்டோரம் அடுக்கினார்கள். கயிறு பிடித்து நூறடி அளந்தார்கள். அளவுக்கு வெளியே நாலு மூலையில் கொஞ்சம் பயிர் நின்றது. "நாலு மூலைக்கு மட்டும் எதுக்கு ஓரவஞ்சனை?" என்று அதையும் அறுத்தார்கள்.

மதியம் ரெண்டு மணிக்கு என் ஒரு ஏக்கரும் கட்டுக்கட்டாக ரோட்டோரம் இருந்தது. பூவாத்தடிக்காரர்களை மனசார வாழ்த்தினேன் என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"விளக்கு அணைஞ்சதும் ஒவ்வொரு கட்டா மிஷின் வாயில குடுங்க, நெல்லைப் பிரிச்சுடும். மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம். நான் அடுத்த ஊர்ல எங்க தங்கச்சி வீட்டுல போய்த் தார்ப்பாய் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

போக வர ரெண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. வானம் கருகருவென்று இருண்டுவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. மிஷின் வரப்போரமாக ஒதுங்கிப் புத்தம்புதுசு மாதிரி நின்றது. ரோட்டோரத்தில் கட்டுகளைக் காணோம். ஒரு பத்து, பன்னிரண்டு கட்டு மிச்சம் இருந்தால் அதிகம்.

வயலைப் பார்த்தேன். என் போர்செட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வயலில் கணுக்கால் அளவு சேறு. முப்பது பேரும் குனிந்து, கயிறு கட்டி, வரிசை தப்பாமல், அறுத்த கதிரைப் பிடிபிடியாக நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலை தவிர வயல் முழுக்க நட்டு முடித்தாயிற்று. முத்திய கதிர் சேற்றில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"அடப் பாவிகளா! என்னடா பண்ணுறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினேன்.

கலியமூர்த்தி சேற்றுக் கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். "'நிற்கும் பயிரில் மட்டுமே இயக்கவும். கையால் கதிரைச் செலுத்தக் கூடாது.' நீங்க சொன்ன மாதிரி கட்டுகட்டா குடுத்தா புத்தகத்துக்கு விரோதம். அதான் நிக்க வெச்சோம். காஞ்ச மண்ணுல நிக்க மாட்டேன்னுச்சு, அதான் தண்ணி விட்டோம்."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. மிச்சமிருந்த கட்டுகளைத் தார்ப்பாயால் மூடினேன். அதற்குள் முதல் தூறல் முதுகில் விழுந்தது. "அண்ணே, உங்க கால்ல வேணா விழுறேன். அதான் நிக்க வெச்சாச்சே, பெருமழை வர்றதுக்குள்ள மிஷினை விட்டு அறுத்துக் குடுத்துடுங்க!" என்று வைரக்கண்ணுவிடம் கெஞ்சினேன்.

அவர் என்னை அவ்வளவு பரிதாபமாகப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மிஷின் ஊரைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. முப்பது பேரும் அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார்கள்.

"என்னக்கா நீங்க, விவரம் தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன். நட்டு ஒரு மணி நேரம்கூட ஆகல, வேர் பிடிக்க வேணாமா? நட்ட கையோட மழையும் வந்துடுச்சு, உங்களுக்கு நல்ல ராசி. தை பொறக்கட்டும், நாங்களே மிஷினோட வந்து அறுத்துக் குடுக்குறோம்."