நாலரைச் சாண்

"மூணு வருஷமாச்சு அம்மா. இன்னும் துடுப்பை என் கையில தரமாட்டேங்கிறீங்களே."

கேட்டவர் மாசிலாமணி. மடத்தில் முப்பது வருஷம் தருக்கம் சொல்லிக்கொடுத்தவர். மறைந்து கிடக்கும் மணல்திட்டுகளுக்கு நடுவே ஓடக்காரி செம்பாயியின் தோணி ஒருநாளும் தரை தட்டியதில்லை என்று கேள்விப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து அவளிடம் சீடனாகச் சேர்ந்தார். குருவைவிடச் சீடனுக்கு இருபது வயது கூட. ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

"அதான் கழியைத் தந்திருக்கேனே ஐயா" என்றாள் செம்பாயி.

ஆழம் பார்க்கும் மூங்கில் கழி. சாணுக்கு ஒரு கோடு. தோணி போக நாலு சாண் தண்ணீர் வேண்டும். முன்னால் நின்று அளந்து சொல்வது மாசிலாமணியின் வேலை.

"அதுல என்ன குறை கண்டீங்க? நான் எதையும் இப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்கிறதே இல்லை. நேத்து இருந்த ஆழம் இன்னைக்கு இருக்கும்னுகூட நம்புறதில்லை. அளந்துதான் சொல்றேன்."

"ஆமா" என்றாள் செம்பாயி.

அவள் அப்படி மொட்டையாக ஆமாம் போட்டால், ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அதற்குள் கரையில் ஒரே கூச்சல். ஊர்ப்பெண் மீனாம்பாவுக்குப் பிரசவ வலி. அவளுடைய தாய் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"மருத்துவச்சி அக்கரையில இருக்கா. சீக்கிரம், தாயி!"

தோணி கிளம்பியது. கடல் உள்வாங்கி, ஆற்றில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். மாசிலாமணி கழியை இறக்கி இறக்கி எடுத்தார்.

"ஆறு... அஞ்சரை... அஞ்சு... நாலரை. தாராளமாப் போகலாம்!"

கரகரவென்று சத்தம். தோணி மணலில் ஏறி நின்றுவிட்டது.

"அளந்துதானேய்யா சொன்னே!" என்று மீனாம்பாவின் தாய் கத்தினாள்.

மாசிலாமணி அவசரமாகக் கழியை இறக்கினார். மறுபடி அளந்தார். நாலரையேதான்.

செம்பாயி தண்ணீரில் குதித்தாள். அவரும் குதித்தார். இரண்டு பேரும் முதுகு கொடுத்துத் தள்ளினார்கள். மூன்றாவது தள்ளலில் தோணி நழுவியது.

அக்கரையில், மருத்துவச்சி வீட்டுக்குள்ளிருந்து குழந்தை வீறிட்ட பிறகுதான் மாசிலாமணிக்கு மூச்சே வந்தது. மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

செம்பாயி கழியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். மூன்று வருஷம் தரையில் குத்திக் குத்தி, அடி ஒரு சாண் தேய்ந்திருந்தது. நாலரை என்று காட்டிய இடத்தில் இருந்தது மூன்றரைதான்.

"ஆத்தைத் தினம் அளந்தீங்க" என்றாள்.

"கழியை அளக்கலை" என்றார் அவர். "உங்களுக்கு இது தெரியுமா அம்மா?"

"தெரிஞ்சிருந்தா புள்ளத்தாச்சிப் பொண்ணை ஏத்தியிருப்பேனா?"

தனக்கும் தெரியாது என்று சொல்ல அவள் கூச்சப்படவில்லை. புது மூங்கில் ஒன்றை வெட்டி வந்து, கத்தியோடு அவர் முன்னால் போட்டாள்.

"கோடு போடுங்க."

மாசிலாமணி மூங்கிலின் அடியில் கையை விரித்து வைத்தார். ஒரு சாண். கத்தியை எடுத்தார். வெட்டப் போனவர் நிறுத்திவிட்டார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபது வயதுக் கை. விரல்கள் முன்போல விரியவில்லை.

"அம்மா, இந்தக் கை சரியான அளவுதானா?"

செம்பாயி துடுப்பை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.