அப்பன் பல்

மீரானின் ஒர்க்‌ஷாப்பில் ‘அப்பன் பல்’ என்று ஒரு சாமான் இருந்தது. எந்தக் கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லி வாங்க முடியாது. பெயர் வைத்தது யாரென்றும் தெரியாது.

பைக்கின் முன்சக்கரத்து நடுவில், உள்ளே, விரல்நுனி அளவுக்கு ஒரு பல்சக்கரம் இருக்கும். சக்கரம் உருண்டால் அது சுற்றும். அது சுற்றினால் மீட்டர் கேபிள் சுற்றும். மேலே முள் ஏறும். அதை எடுத்துவிட்டுப் பல் குறைந்த ஒன்றை மாட்டினால் கேபிள் அவசரப்படும். வண்டி நாற்பத்தைந்தில் போகும், முள் அறுபது என்று சொல்லும்.

பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்த அப்பன்மார் இதற்காக மீரானிடம் வருவார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஏதோ தப்பான சாமான் கேட்பதுபோல் காதோடு கேட்பார்கள்.

காசிராஜனும் அப்படி வந்தவர்தான். டவுன் பஸ் டிரைவர். மீரானைவிட நன்றாக மூத்தவர். ஒரே மகள் பூங்கோதை ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். வண்டி அவளுடையது.

“பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணாச்சி இது? பையத்தான ஓட்டும்” என்றார் மீரான்.

“பையவா? என் பஸ்சு அறுபதத் தாண்டாது மேஸ்திரி, வேகத்துக்கு சீல் வச்சிருக்கான். நேத்து என்னையே ஓவர்டேக் பண்ணிட்டு, டாட்டா வேற காட்டிட்டுப் போறா.”

“எங்க?”

“பைபாஸ்லதான். பஸ்சுல இருந்த அத்தன பேரும் சிரிக்கான்.”

மீரானும் சிரித்தார். மாட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே காசிராஜன் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். முள் அறுபதைத் தாண்டக் கூடாது. அவளும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அதற்குப் பிறகு அவர் நன்றாகத் தூங்கினார்.

ஒரு நாள் பூங்கோதையின் வண்டி பஞ்சர். கூட வேலை பார்ப்பவளின் வண்டியை வாங்கிக்கொண்டு போனாள். அது பெரிய வண்டி. அவள் வண்டி அலறுகிற வேகத்தில் அது முணுமுணுத்துக்கொண்டு போகும். அந்த முள்ளில் அறுபது என்றால் அறுபதுதான். கல்குவாரி வளைவில் லாரியிலிருந்து சிந்திய மணல் கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் காசிராஜன் டிரைவர் வேலையை விட்டார். பூங்கோதையின் வண்டியை, காற்றில்லாத முன்சக்கரத்தோடு, தள்ளிக்கொண்டு மீரானிடம் வந்தார்.

“ரிப்பேரா அண்ணாச்சி?”

“இல்ல. வேல கத்துக்கொடுங்க.”

“இந்த வயசுலயா?”

“இந்த வயசுலதான்.”

மீரான் ஒரு வேஸ்ட் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். வண்டியைச் சுவர் ஓரம் நிறுத்தினார்கள். டியூபில் பஞ்சர் ஒட்டக் காசிராஜன் விடவில்லை.

மழை வந்தது, போனது. வருகிறவர்கள் நரையைப் பார்த்துவிட்டுக் காசிராஜனைத்தான் மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள்.

“மேஸ்திரி அந்தா இருக்காரு. நான் தொடைக்கிற ஆளு” என்பார் அவர்.

அப்பன் பல்லை மீரான் அதற்குப் பிறகு யாருக்கும் மாட்டவில்லை. மிச்சம் இருந்தவை ஒரு பால்பவுடர் டப்பாவில் கிடந்தன. கேட்டு வந்தவர்களிடம் ஸ்டாக் இல்லை என்றார்.

ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே காசிராஜன் கேட்டார்.

“மேஸ்திரி, அந்தப் பல்லு மட்டும் இல்லன்னா எம்பிள்ள இருந்திருக்கும்ல?”

மீரான் எழுந்தார். பூங்கோதையின் வண்டியைச் சுவர் ஓரத்திலிருந்து இழுத்து சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார். உதைத்தார். ரொம்ப நாள் கிடந்த வண்டி, இருமிக்கொண்டு எழுந்தது. கியரை ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசி கியரில் முறுக்கினார். தரையில் படாத பின்சக்கரம் ஆரங்கள் தெரியாமல் சுற்றியது. தகரக் கூரை அதிர்ந்தது.

“முள்ளு என்ன சொல்லுது?” மீரான் கத்திக் கேட்டார்.

காசிராஜன் குனிந்து பார்த்தார். முன்சக்கரம் அசையவில்லை. “சைபர்.”

“பின்சக்கரம்?”

“எம்பதுக்குக் கொறையாது.”

“காது?”

“தொண்ணூறுங்கு.”

“வண்டி எங்க இருக்கு?”

காசிராஜன் வண்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “இங்கனதான் நிக்கி.”

மீரான் எஞ்சினை அணைத்தார். சத்தம் உடனே நின்றது. சக்கரம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது நிற்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் கேட்டது இது இல்ல மேஸ்திரி.”

“தெரியும் அண்ணாச்சி.”

மறுவாரம் சுயம்பு வந்தார். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மகனின் புது வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“மேஸ்திரி, ஸ்டாக் இல்லங்கிற கதையெல்லாம் வேண்டாம். எங்க வீட்டுல அவ சோறு திங்க மாட்டேங்கா. பய வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கா. ஒரு பல்லு போடுங்க.”

மீரான் பால்பவுடர் டப்பாவை எடுத்துக் காசிராஜன் முன்னால் வைத்தார்.

“அண்ணாச்சிகிட்ட கேளுங்க. அவரு போடச் சொன்னா போடுதேன்.”

காசிராஜன் டப்பாவைத் திறக்கவில்லை.

“வேண்டாம்.”

“ஏன்?”

“அது வெறும் பித்தலாட்டம்.”

“பித்தலாட்டம்னு தெரிஞ்சுதான கேக்கேன். நல்லதுக்குத்தான?”

“பய வேற வண்டியில ஏறுவான். அப்ப அவன் காதும் பொய் சொல்லும், கண்ணும் பொய் சொல்லும். அவனுக்குத் தன் வேகமே தெரியாது.”

சுயம்புவுக்குக் கோபம் வந்தது. “தொடைக்க வந்த ஆளு எனக்குப் புத்தி சொல்லுதீரு. பிள்ளையப் பெத்தவனுக்குத்தான் வேய் அந்தக் கஷ்டம் தெரியும்.”

“பெத்தவன்தான்.”

சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. சுயம்பு மீரானைப் பார்த்தார். மீரான் சுவர் ஓரத்து வண்டியைப் பார்த்தார். சுயம்புவுக்கு விளங்கிவிட்டது. வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி” என்றார். போகும்போது வாசலில் திரும்பினார். “ஆனா எப்படித்தான் தூங்க? அதயாவது சொல்லுங்க.”

காசிராஜன் டப்பாவைக் கையில் எடுத்தார். சுயம்பு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மெதுவாகத்தான் போனார்.

காசிராஜன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குலுக்கினார். உள்ளே பற்கள் உரசிக்கொண்டன.

மீரான் ஒரு சக்கரத்துக்கு ஆரம் முறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

“உங்க மகளுக்குத் தெரியும் அண்ணாச்சி.”

“என்ன தெரியும்?”

“பல்லு மாட்டுனது.”

காசிராஜன் டப்பாவைக் கீழே வைத்தார்.

“மாட்டிக் கொஞ்ச நாள்லயே வந்துச்சு. ‘அண்ணே, எங்கப்பா பஸ்சு அறுபதத் தாண்டாது. சந்தேகம் வந்து நேத்து பைபாஸ்ல அது பின்னாலயே போனேன். என் முள்ளு எம்பது காட்டுது. என்ன செஞ்சீங்க?’ன்னு நேரா கேட்டுச்சு. நான் ஒத்துக்கிட்டேன். கழட்டிருதேன்னு ஸ்பானர எடுத்தேன்.”

“பெறகு?”

“கையப் பிடிச்சு நிறுத்திருச்சு. ‘இருக்கட்டும்ணே. எங்கப்பா இப்பதான் தூங்குதாரு. முள்ளு காட்டுறதுல நான் கழிச்சுப் பாத்துக்கிடுதேன்’ன்னுச்சு.”

“கழிச்சுப் பாத்துக்கிடுதேன்னா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னுச்சு.”

“அப்ப அவளுக்குத் தன் வேகம் தெரியும்.”

“தெரியும்.”

“பெறகு ஏன் விழுந்தா?”

“மணல் கெடந்துச்சு அண்ணாச்சி.”

காசிராஜன் முகத்தைத் துடைக்கக் கையில் இருந்த துணியைத் தூக்கினார். கிரீஸ் துணி. அப்படியே இறக்கினார்.

“இத்தன நாளா ஏன் சொல்லல?”

“சொல்லிராதீங்கன்னு கேட்டுக்கிட்டுச்சு.”

ரோட்டில் ஒரு டவுன் பஸ் போனது. காசிராஜன் அது கடக்கும்வரை பார்த்தார். ஒரு காலத்தில் அவர் ஓட்டிய தடம். பஸ் போனபின்னும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது குரல் மாறியிருந்தது.

“மேஸ்திரி.”

“சொல்லுங்க.”

“பஸ்சுல சீல் வச்ச விஷயம், மொத நாள் நான்தான உங்ககிட்ட சொன்னேன்?”

“ஆமா.”

“பைபாஸும் நான்தான் சொன்னேன்.”

“ஆமா.”

காசிராஜன் சக்கரத்துக்கு எதிரே வந்து குத்தவைத்தார். ஆரங்களுக்கு நடுவே மீரானின் முகம் தெரிந்தது.

“மறைக்காம சொல்லுங்க. அவ நெசமாவே வந்தாளா? இல்ல, எனக்கு ஒரு பல்லு மாட்டுதீங்களா?”

மீரான் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். கோணல் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தார். அது ஓய்ந்து நின்றபின் சொன்னார்.

“பல்லு மாட்டுனா ஓட்டுறவங்களுக்குத் தெரிஞ்சிரும் அண்ணாச்சி. தெரிஞ்சுக்கிட்டேதான் ஓட்டுவாங்க.”

காசிராஜன் எழுந்து, சுவர் ஓரத்து வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்ற ஸ்பானர் தேடினார். பஞ்சர் ஒட்ட வேண்டியிருந்தது.